டவர் இல்லாத மலையில் அப்பாவின் பை: 1,500 ரூபாய் டேக் வேலை செய்கிறதா?

கோவைக்குப் பக்கத்தில், ஏழு மலை ஏறிச் சாமி கும்பிடும் வெள்ளிங்கிரிக்குப் போய் வந்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். மேலே ஏறிய ஆள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்றால், கீழே காத்திருப்பவர்கள் அடிவாரத்துப் பூண்டியில் படிக்கட்டு இறங்கும் இடத்தில் போய் நின்றுகொள்வார்கள். இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும், "ஏனுங்க, நீலக் கலர் பை, காவி வேட்டி, கொஞ்சம் வயசானவரு, மேல எங்கயாச்சும் பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். யாராவது ஒருவர் நின்று, "ஆண்டி சுனைகிட்ட உக்காந்திருந்தாருங்க, விடியறதுக்கு முன்னால" என்பார். அந்த ஒரு வார்த்தையில் அரை நாள் ஓடும்.

என் அம்மா எத்தனையோ வருடமாக அப்படி நின்றிருக்கிறார். அப்பாவுக்கு வயது 63, பங்குனியிலோ சித்திரையிலோ ஒருமுறை ஏழு மலையும் ஏறாமல் விடமாட்டார். அவர் போன் சாதாரண ஆண்ட்ராய்டு. மலையில் டவர் வரும், போகும், தேடித் தேடியே பேட்டரி தீர்ந்து, இரண்டாவது மலை தாண்டுவதற்குள் ஸ்விட்ச் ஆஃப். இரண்டு வருடம் முன்பு காலை 9 மணிக்கு இறங்கவேண்டியவர் மாலை 4 மணிக்கு வந்தார். கால் பிடித்துக்கொண்டதாம், ஓரமாகப் படுத்துத் தூங்கிவிட்டாராம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஏழு மணி நேரம் அம்மா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அடுத்த வருடம் அவர் பையில் ஒரு டேக் போடுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

சாவிக்கொத்தில் மாட்டுகிறார்களே, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, தொலைந்தால் எங்கே இருக்கிறது என்று போனில் காட்டுமே, அந்த டேக்தான். 14 மாதம் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். பிராண்டு பெயர் சொல்லப்போவதில்லை. இந்தச் சாமான் விஷயத்தில் பிராண்டு பெரிய விஷயமே இல்லை என்பதுதான் எனக்குப் புரிந்தது, அது ஏன் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் வாங்கிய கதை. கோவை காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடையில் கேட்டேன். "எல்லா போனுக்கும் ஆகுங்க மேடம்" என்று சொல்லி ஒன்றைக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து என் ஆண்ட்ராய்டு போன் பக்கத்தில் வைத்தால் அசையவே இல்லை. பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கீழே சின்ன எழுத்தில் ஆப்பிளின் ஃபைண்ட் மை என்று போட்டிருந்தது. அது ஐபோன்காரர்களுக்கானது. திருப்பிக் கொடுக்கப் போனேன், பெட்டி பிரித்தாயிற்று என்று பணம் தர மறுத்து, கடைசியில் வேறு சாமானாக மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். கவர், சார்ஜர் என்று எனக்குத் தேவையில்லாததை வாங்கிக்கொண்டு வந்தேன். அதனால் கடைக்காரர் சொல்வதை நம்பாமல் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்களே படியுங்கள். ஐபோன் வைத்திருந்தால் "ஃபைண்ட் மை". ஆண்ட்ராய்டு என்றால் "ஃபைண்ட் ஹப்", பழைய பெட்டிகளில் "ஃபைண்ட் மை டிவைஸ்" என்று இருக்கும், 2025இல்தான் கூகுள் பெயரை மாற்றியது. இரண்டும் வேறு வேறு உலகம். ஒரே கம்பெனியே இரண்டுக்கும் தனித்தனியாக டேக் விற்கிறது. ஜியோவின் டேகுகளில் "ஏர்" என்பது ஆப்பிளுக்கு, "கோ" என்பது கூகுளுக்கு. ஆப்பிளின் ஏர்டேகை ஆண்ட்ராய்டு போனில் சேர்க்கவே முடியாது.

இரண்டாவது முறை சரியானதை ஆன்லைனில் வாங்கினேன், 1,500 ரூபாய்க்குப் பக்கத்தில் ஆனது. பிளாஸ்டிக் தாளை இழுத்ததும் கீச்சென்று ஒரு சத்தம், போனில் தானாக ஒரு பெட்டி வந்தது, பெயர் கேட்டது, "அப்பா பை" என்று போட்டேன். ஒரு நிமிட வேலை. அப்புறம் ஓசூரில் இருக்கும் தம்பியின் கணக்குக்கும் பகிர்ந்துவிட்டேன், அவனும் அங்கிருந்தே பார்க்கலாம்.

இப்போது முக்கியமான விஷயம், பலபேருக்கு இது தெரியாமல் வாங்கி ஏமாந்துபோகிறார்கள். இந்த டேகுக்குள் சிம் கிடையாது. ஜி.பி.எஸ். கிடையாது. தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்கே தெரியாது. உள்ளே ஒரு ப்ளூடூத் சில்லு, ஒரு சி.ஆர். 2032 பட்டன் பேட்டரி, ஒரு குட்டி ஸ்பீக்கர், அவ்வளவுதான். "நான் இங்கே இருக்கிறேன்" என்று ஒரு எண்ணைத் திரும்பத் திரும்பக் காற்றில் சொல்லிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் போகிற யாரோ ஒருவரின் போன் அதைக் காதில் வாங்கும். அந்த போனுக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும் இல்லையா, அந்த இடத்தைக் குறித்து, பூட்டுப் போட்டு, கூகுளின் சர்வருக்கு அனுப்பிவிடும். பூட்டைத் திறக்கும் சாவி என் கணக்கிலும் நான் பகிர்ந்த தம்பி கணக்கிலும் மட்டும்தான் இருக்கிறது. அனுப்பிய ஆளுக்கு தான் அனுப்பியதே தெரியாது, நடுவில் கூகுளாலும் படிக்க முடியாது. டேக் சொல்லும் எண்ணும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், அதனால் வேறு யாரும் அதைவைத்து அப்பாவைப் பின்தொடர முடியாது.

ஆப்பிள்தான் இந்த முறையைப் பெரிய அளவில் 2019இல் கொண்டுவந்தது, ஏர்டேக் வந்தது 2021 ஏப்ரலில். கூகுள் 2024 ஏப்ரலில்தான் தன்னுடையதைத் தொடங்கியது. நம் ஊரில் பத்துப் பேரில் பெரும்பாலானவர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு, அதனால் மலைக்கும் கிராமத்துக்கும் போகிற நமக்கு கூகுள் பக்கம் இருப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். பிராண்டு முக்கியமில்லை என்று சொன்னதும் இதனால்தான். நீங்கள் 1,500 ரூபாய் கொடுத்து வாங்குவது அந்தப் பிளாஸ்டிக் வட்டத்தை அல்ல, வழியில் போகிற முகம் தெரியாத ஆயிரம் பேரின் போன்களை.

சரி, வழியில் போகிறவர் போனிலும் டவர் இல்லை என்றால்? எனக்கும் இதுதான் சந்தேகம். ஆப்பிள் முறையைப் பிரித்து ஆராய்ந்த ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆட்கள் 2021இல் எழுதியதைப் படித்தபோது ஒரு விஷயம் நம்பிக்கை கொடுத்தது. போன்கள் பார்த்ததை உடனுக்குடன் அனுப்புவதில்லை, சேர்த்துவைத்துக்கொண்டு பிறகு மொத்தமாக அனுப்புகின்றன. எந்த நேரத்தில் பார்த்தது என்பதும் அதோடு சேர்ந்தே போகிறது. ஜி.பி.எஸ்.ஸுக்கு டவர் தேவையில்லை, அது வானத்தில் இருந்து வருகிறது. ஆக, டவர் இல்லாத மலையில் ஒரு போன் டேகைப் பார்த்தாலும், இடத்தையும் நேரத்தையும் மனதில் வைத்துக்கொண்டு, கீழே டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் சொல்லிவிடும். பூண்டியில் அம்மா நின்று கேட்கிறாரே, அதே வேலை. இறங்கி வருகிறவர்கள் சேதி கொண்டுவருகிறார்கள், வாயால் சொல்வதற்குப் பதில் பாக்கெட்டில் இருக்கும் போன் சொல்கிறது.

கூகுளின் வலையிலும் இப்படி நடக்குமா என்று மலையில்தான் பார்த்தேன்.

போன வருடம் சித்திரை, சனிக்கிழமை இரவு. அப்பா, பெரியப்பா, தெருவில் இருந்து இன்னும் இரண்டு பேர். மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பையைச் சோதிக்கும் இடம் தாண்டி, 9 மணிக்குப் படியேறினார்கள். டேகை ஒரு சின்ன சுருக்குப் பையில் போட்டு, நீலப் பையின் மேல் பக்க ஜிப்புக்குள் வைத்தேன். அடியில், டம்ளருக்கும் துண்டுக்கும் நடுவில் வைக்கக்கூடாது. எவர்சில்வர் பாத்திரத்துக்குள் போனால் சிக்னல் சுத்தமாக அடைபட்டுவிடும், வீட்டிலேயே தூக்குப்போசிக்குள் போட்டுப் பார்த்தேன்.

நானும் அம்மாவும் பூண்டியிலேயே தங்கிவிட்டோம். அங்கே என் சிம்முக்கு ஓரளவு டவர் கிடைக்கும். 9.20க்கு முதல் புள்ளி, படிக்கட்டுத் தொடக்கத்தில். அங்கே கூட்டம் நெருக்கியடித்தது, அதனால் அதில் ஆச்சரியம் இல்லை. 10.05க்கு இன்னொன்று, முதல் மலையின் பாதியில். அப்புறம் ஒன்றுமே இல்லை. 11 ஆயிற்று, 12 ஆயிற்று, அதே பழைய புள்ளி. அம்மா படுத்துவிட்டார், நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

இரவு 2.40 இருக்கும். புள்ளி நகர்ந்திருந்தது. மூன்றாவது மலைப்பக்கம், கைதட்டிச் சுனை இருக்கும் வாக்கில். பார்த்த நேரம் 12 மணிக்குச் சற்று முன்பு என்று காட்டியது. அதாவது கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் பழைய சேதி. சாயங்காலமே ஏறி முடித்துவிட்டு இறங்கிவந்த யாரோ ஒருவர், மூன்றாவது மலையில் அப்பாவைத் தாண்டி வந்திருக்கவேண்டும். அவர் போன் அங்கே டேகைப் பார்த்திருக்கிறது. அவர் கீழே வந்து, டவருக்குள் நுழைந்து, ஒருவேளை டீக்கடையில் உட்கார்ந்து வீட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பிய நேரத்தில், என் அப்பாவின் சேதியும் சேர்ந்து போயிருக்கிறது. அவர் யார் என்று எனக்குத் தெரியாது. எழுந்து போய்ப் படிக்கட்டுப் பக்கம் பார்த்தேன், தடி ஊன்றிக்கொண்டு ஏழெட்டுப் பேர் இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்லவேண்டும் போல இருந்தது.

காலை 10 மணிக்கு எங்கள் தெரு ஆட்கள் இருவரும் இறங்கிவிட்டார்கள். பெரியப்பாவும் அப்பாவும் வரவில்லை. "மேல சாமி கும்பிட்டாச்சுங்க, எறங்கறப்ப அண்ணனுக்கு முட்டி வலி, மெதுவா வரோம், நீங்க போங்கன்னாரு" என்றார்கள். எங்கே விட்டுவிட்டு வந்தீர்கள் என்றால் ஆறாவது என்கிறார் ஒருவர், ஐந்தாவது என்கிறார் இன்னொருவர். அம்மா முகம் மாறிவிட்டது. டேகில் அப்போது காட்டியது ஐந்தாவது மலைப்பக்கம், 7.30 மணி. 11.15க்கு அடுத்தது வந்தது: நான்காவதுக்கு இறங்கியாயிற்று, நேரம் 9.10. 12.30க்கு இன்னொன்று: வழுக்குப்பாறைக்கு மேலே, 11 மணிக்கு. மூன்று புள்ளிகளும் கீழ்நோக்கி வருகின்றன. உட்கார்ந்த இடத்திலேயே கிடக்கவில்லை, நடந்துகொண்டிருக்கிறார், அதுவும் தன் வேகத்தில். அம்மாவிடம் போனைக் காட்டி ஒவ்வொரு புள்ளியாகச் சொன்னேன். அதைக் கேட்டபிறகு கோயில் அன்னதானத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அப்பா 2.20க்கு வந்து சேர்ந்தார்.

இந்த ஒரு நாளுக்கே கொடுத்த காசு சரியாகிவிட்டது என்பேன்.

குறை இல்லாமல் இல்லை. புள்ளி காட்டிய இடம் பாதையில் இருந்து விலகி, ஒருமுறை பள்ளத்தாக்கின் நடுவிலேயே போய் உட்கார்ந்திருந்தது. அது பார்த்த போன் நின்ற இடம், அதுவும் மரங்களுக்குள் ஜி.பி.எஸ். தடுமாறிக் குறித்த இடம். டேக் இருக்கும் இடத்தைச் சுற்றிப் பல மீட்டர் வித்தியாசம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த மலை என்று தெரிந்துகொள்ளலாம், எந்தப் பாறை என்று தெரியாது. அவசரத்துக்கு ஆள் அனுப்பித் தேடும் அளவுக்கு இதை நம்பக்கூடாது, வனத்துறை ஆட்களிடம் சொல்வதற்கு ஒரு துணைத் தகவல், அவ்வளவுதான். நேரமும் அப்படித்தான், நீங்கள் பார்ப்பது இப்போதைய இடம் அல்ல, எப்போதோ பார்த்த இடம். புள்ளிக்குக் கீழே இருக்கும் நேரத்தைப் படிக்காமல் புள்ளியை மட்டும் பார்த்தால் பயந்துபோவீர்கள்.

இன்னொன்று, மலை ஏறுகிறவர்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்க போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுகிறார்கள், சிலர் ப்ளூடூத்தை அணைத்துவிடுகிறார்கள், லொகேஷனை அணைத்துவிடுகிறார்கள். அவர்கள் நூறு பேர் கடந்துபோனாலும் டேகைப் பார்க்கமாட்டார்கள். சித்திரைக் கூட்டத்தில் ஒருவர் இல்லை என்றால் இன்னொருவர், அதனால் ஓடியது. கூட்டம் இல்லாத மாசி மாத வார நாளில் இதே போல நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இப்போது ஒரு அமைப்பைப் பற்றிச் சொல்லவேண்டும், இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே பாதி இதற்காகத்தான். உங்கள் ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ் போய், கூகுள் என்பதைத் தொட்டு, ஃபைண்ட் ஹப்பில் ஆஃப்லைன் சாதனங்களைக் கண்டுபிடிக்கும் பகுதிக்குப் போங்கள். நான்கு தேர்வுகள் இருக்கும். சுத்தமாக அணைப்பது ஒன்று. வலையில் சேராமல் இருப்பது ஒன்று. மூன்றாவது, ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள இடங்களில் மட்டும். நான்காவது, எல்லா இடங்களிலும். போன் வரும்போதே மூன்றாவதில்தான் இருக்கும், யாரும் மாற்றுவதில்லை. மூன்றாவதுக்கு என்ன அர்த்தம் என்றால், ஒரு டேகைப் பல போன்கள் பார்த்தால்தான் அந்த இடம் உரிமையாளருக்குப் போகும், உங்கள் போன் ஒன்று மட்டும் பார்த்திருந்தால் சொல்லாது. தனிமனிதரின் இருப்பிடம் வெளியே தெரியக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள், அந்தக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கு அது போதும், காட்டுக்கும் மலைக்கும் போதாது. தனியாக நடந்துபோகிற ஒரே ஒரு ஆளின் போன்தான் அங்கே கிடைக்கும், அந்த ஒன்றும் வாய் திறக்காது.

நான்காவதுக்கு மாற்றினால் உங்கள் போன் தனியாகப் பார்த்தாலும் சொல்லும். பார்த்த இடம் பூட்டிய நிலையில்தான் போகிறது. உங்கள் கூகுள் கணக்கில் வீட்டு முகவரி சேமித்திருந்தால், வீட்டுப் பக்கத்தில் இருக்கும்போது உங்கள் போன் எதையும் அனுப்பாது, அதனால் பயப்படத் தேவையில்லை. பேட்டரியும் எனக்குத் தெரிந்து கூடுதலாகக் குறையவில்லை. இதை மாற்றுவதால் உங்களுடைய பொருள் கிடைக்கப்போவதில்லை, இன்னொருவருடையது கிடைக்கும். உங்களுடையது கிடைக்க இன்னொருவர் மாற்றியிருக்கவேண்டும். மலைக்குப் போகிறவர்கள், எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்கள், கிராமத்துப் பேருந்தில் தினமும் போய்வருகிறவர்கள் இதை மட்டும் தயவுசெய்து மாற்றிவிடுங்கள்.

இது எவ்வளவு முக்கியம் என்று காங்கயம் பக்கம் என் மாமனார் வீட்டில்தான் நன்றாகப் புரிந்தது. அங்கே கொறங்காடு, கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். ஒரு வெள்ளாட்டுக்கு வேலி தாண்டும் பழக்கம், வாரத்தில் ஒரு நாளாவது காணாமல் போகும். மலையில் வேலை செய்த தைரியத்தில் இன்னொரு டேக் வாங்கி அதன் கழுத்தில் கட்டினேன். ஆடு காணாமல் போனது, டேகும் வாய் மூடிக்கொண்டது. இரண்டு நாள் பழைய புள்ளிதான், மாட்டுக்கொட்டகை பக்கத்தில். காரணம் தேடவேண்டியதே இல்லை. நான்கைந்து காடு தாண்டி யாரும் நடக்கிற இடமில்லை அது, ஆடு மேய்க்கிற அண்ணன் கையில் இருப்பது பட்டன் போன். கேட்பதற்குக் காது இல்லாத இடத்தில் டேக் கத்தி என்ன பயன்? ஆட்டை அத்தைதான் சத்தம் கொடுத்துக் கண்டுபிடித்தார், பக்கத்து ஓடையில்.

அதற்கப்புறம் வீட்டில் இருக்கும் மூன்று ஆண்ட்ராய்டு போனையும் நான்காவது அமைப்புக்கு மாற்றினேன், மேய்க்கிற அண்ணனின் மகன் போனையும் அவனிடம் விளக்கிச் சொல்லி மாற்றினேன். பையன் கல்லூரி விட்டு வரும்போது காட்டு வழியாகத்தான் வண்டியில் வருவான். மூன்று வாரம் கழித்து ஆடு மறுபடி போனது. மாலை 5.40க்குப் புள்ளி வந்தது, ஓடைக்கு அந்தப் பக்கத்துத் தடத்தில். பையன் வீட்டுக்கு வந்துகூடச் சேரவில்லை. ஒரே ஒரு போன், ஒரே ஒருமுறை கடந்தது போதுமாக இருந்தது. மாமா போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். ஆனாலும் ஆடு மாட்டுக்கு இதை வாங்கு என்று யாருக்கும் சொல்லமாட்டேன், பையன் அன்றைக்கு அந்த வழியில் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுக்கு சிம் போட்ட ஜி.பி.எஸ். கருவிதான் சரி, அதற்கும் டவர் வேண்டும்.

இன்னொரு அனுபவம், பெரியவர்கள் பையில் டேக் போடுகிறவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ளவேண்டும். மலைக்கு முன் சோதனைக்காக அப்பா பையில் போட்டு, பெரியப்பா காரில் பழனிக்கு அனுப்பினேன். உடுமலை தாண்டியதும் பெரியப்பா போனில் ஒரு எச்சரிக்கை: தெரியாத டிராக்கர் ஒன்று உங்களோடு பயணம் செய்கிறது. அவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். காருக்கு அடியில் யாரோ எதையோ வைத்துவிட்டார்கள் என்று நினைத்து எனக்குப் போன் போட்டு, "ஏங் கண்ணு, போலீசுக்குச் சொல்லலாமா?" என்கிறார். விளக்கிச் சொல்லி சமாதானப்படுத்துவதற்குப் பத்து நிமிடம் ஆயிற்று. இது கோளாறு இல்லை, நல்ல ஏற்பாடு. ஒரு பெண்ணின் கைப்பையில் அவளுக்குத் தெரியாமல் இதைப் போட்டுப் பின்தொடர்கிறவர்கள் உலகம் முழுவதும் இருந்திருக்கிறார்கள், அதனால்தான் ஆப்பிளும் கூகுளும் 2024 மே மாதம் சேர்ந்து இரண்டு வகை போனிலும் எச்சரிக்கை வருமாறு செய்தன. எச்சரிக்கை வந்தால் டேகை ஒலிக்கவைத்துத் தேடலாம், பேட்டரியைக் கழற்றும் வழியும் காட்டும். அதனால் யார் பையில் போடுகிறீர்களோ அவரிடமும், கூடப் போகிறவர்களிடமும் சொல்லிவிட்டுப் போடுங்கள். சொல்லாமல் போடுவது தவறு, அது சொந்த அப்பாவாக இருந்தாலும்.

போனையே கண்டுபிடிக்கலாமே, டேக் எதற்கு என்று தம்பி கேட்டான். போன் உயிரோடு இருந்தால் இதே வலை அதையும் டவர் இல்லாத இடத்தில் கண்டுபிடிக்கும். அணைந்த பிறகும் சில மணி நேரம் குரல் கொடுக்கிற போன்கள் உண்டு, ஐபோன் 11 முதல் வந்தவற்றில் பெரும்பாலானவை, கூகுளின் பிக்சல் 8 முதல் வந்தவற்றில் பல. அப்பாவின் போன் அந்த ரகம் இல்லை. பேட்டரி போனால் போனதுதான். டேகின் பட்டன் பேட்டரி ஒரு வருடம் தாங்குகிறது, என்னுடையது 13 மாதம் ஓடியது, வாட்ச் கடையில் வாங்கி நானே மாற்றினேன்.

சாட்டிலைட் கருவி வாங்கலாமா என்று விசாரித்தேன். இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், வெளிநாட்டில் இருந்து யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள். குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் எட்டுகிற லோரா என்ற ரேடியோ போர்டுகளில் மெஷ்டாஸ்டிக் என்ற மென்பொருளைப் போட்டு, ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டு, ஒன்றில் இருந்து இன்னொன்றுக்குச் சேதியையும் இடத்தையும் தாண்டித் தாண்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு டவரும் வேண்டாம், முகம் தெரியாதவர் போனும் வேண்டாம், 865 மெகாஹெர்ட்ஸ் பக்கத்து அலைவரிசையில் ஓடும். குழுவாக மலையேறுகிற இளைஞர்களுக்கு அதுதான் என் சிபாரிசு. ஆனால் சார்ஜ் போடவேண்டும், அமைக்கத் தெரியவேண்டும், கூட்டத்தில் இருக்கும் எல்லோரும் வைத்திருக்கவேண்டும். அப்பாவும் பெரியப்பாவும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள். பையில் போட்டு மறந்துவிடுகிற சாமான்தான் அவர்களுக்கு ஆகும்.

டேகின் சத்தம் மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம். வீட்டுக்குள் பீரோவுக்குப் பின்னால் இருந்தாலும் கேட்கிறது, காற்றடிக்கிற இடத்தில் நாலு அடி தள்ளி நின்றால் கேட்கவில்லை. மாட்டுவதற்குக் கூடவே கொடுத்த கயிறு இரண்டு மாதத்தில் நைந்துவிட்டது, இப்போது அரைஞாண் கயிற்றுத் துண்டில் கட்டியிருக்கிறேன், உறுதியாக நிற்கிறது. தண்ணீரில் நனைந்தும் இதுவரை கெடவில்லை, சுனையில் குளித்துவிட்டு ஈரத்துண்டை அதன் மேலேயே வைத்திருந்தார் அப்பா.

இந்த வருடம் பெரியப்பா தனக்கும் ஒன்று கேட்டார். வாங்கிக் கொடுத்தேன், அதற்கு முன்னால் அவர் போனை வாங்கி அந்த நான்காவது அமைப்புக்கு மாற்றினேன். "இதுல எனக்கு என்னம்மா வரும்?" என்றார். "உங்களுக்கு இல்லீங்க பெரியப்பா, கீழ நின்னு தேடறவங்களுக்கு" என்றேன். உடனே தன் மகன் போனையும் எடுத்து நீட்டினார்.